ஊசி ஏறிய தோளும் லோன்றியில் வந்த கோபமும்

ஜெலி இனிப்பு நாள்

மெல்பேர்ணின் மேற்குப் பக்கம், ட்ருகனினாவுக்குக் கிட்ட உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் நான் வேலை செய்தேன். நாங்கள் அதை லோன்றி என்போம். குளிர் தொடங்க முதல் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் ஃபுளூ ஊசி போடுவார்கள். அது ஒரு சின்னக் கொண்டாட்டம் மாதிரி நடக்கும். தேநீர், கேக் எல்லாம் இருக்கும். ஊசி போட்டவர்களுக்கு சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல ஒரு ஜெலி இனிப்பும் கொடுப்பார்கள். ஓய்வு பெறும் வயதில் உள்ளவர்களும் சிவப்பு நிறம் வேண்டுமா பச்சை நிறம் வேண்டுமா என்று கிண்ணத்தைக் கிளறி எடுப்போம்.

அந்த வருடம் ஊசி போட வந்தவர் நெடிய ஒரு வாலிபர். நல்ல பிள்ளை. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. வரிசை நீளம் என்பதால் நின்றபடியே போட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. ஊசி போடுகிற கதிரையில் போய் இருந்தேன். குளிருக்கு இல்லத்துச் சட்டைக்கு உள்ளே இறுக்கமான முழுக்கை உள்சட்டை போட்டிருந்தேன். கையை மேலே சுருட்டினால் முழங்கையோடு நின்றுவிட்டது. சரியாகப் போடுவதென்றால் மேல்சட்டையைக் கழற்றிக் கையை வெளியே எடுக்க வேண்டும். பின்னால் குசினியில் சமையல் வேலை செய்கிற ஆண்கள் நின்றார்கள். தோட்டக்காரர் நின்றார்.

என்னோடு லோன்றியில் வேலை செய்கிற மெஹ்ருன் முன்னமே எனக்குச் சொன்னாள். அவள் புத்தளத்து முஸ்லிம் பிள்ளை. பிள்ளை என்கிறேன், அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

“நான் பொம்பிளை நேர்ஸ் கேட்டு, உள் அறையில கதவைச் சாத்திப் போடச் சொல்லி இரிக்கன். நீங்களும் வாங்க பரா அக்கா. கேட்டாத் தருவாங்க.”

“பரவாயில்லை மெஹ்ருன். அதுகளுக்கு ஏன் கரைச்சல்.”

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வரிசைக்கு வந்தேன். கதிரையில் இருந்தபடி சட்டைக் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துத் தோளின் மேல் நுனியை மட்டும் காட்டினேன். அந்த வாலிபரும் மரியாதைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் போட்டார். அது கையின் சதையில்லை, தோள்மூட்டுக்கு மேல். எலும்பில் முட்டியது போல ஒரு குத்து.

உள் அறையில் ஊசி போட்டு வந்த மெஹ்ருன் அதைப் பார்த்துவிட்டாள்.

“அக்காவைப் பாருங்க. கலியாணப் பொண்ணு மாதிரித் தோளை ஒளிக்கிறாங்க” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். தமிழ் விளங்காதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது வரைக்கும் சூடு ஏறியது.

நழுவிய விரிப்பு

லோன்றி வேலையில் கட்டில் விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, கையை உயர்த்தி, ஒரே நேரத்தில் உதற வேண்டும். அப்போதுதான் சுருக்கம் போகும், துணியும் நிலத்தில் படாது. பிறகு நடந்து கிட்ட வந்து மூலையோடு மூலை சேர்ப்போம். மெஹ்ருனும் நானும் நெடுநாள் பழகிய சோடி. “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணுகிற வேலையும் இல்லை. அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தில் நான் உதறிவிடுவேன்.

ஊசி போட்ட அடுத்த நாள் காலை, இடது கையை உயர்த்தினேன். கை பாதியில் நின்றது. தோளுக்குள் யாரோ திருகாணி முறுக்குவது போல நோவு. அது தெரியாமல் மெஹ்ருன் தன் பக்கத்தை உதறினாள். என் பக்கம் கையிலிருந்து பறந்து போய் அவள் முகத்தில் விழுந்தது.

“என்னக்கா?”

“ஒண்டுமில்லை” என்றேன். நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அந்த ஒண்டுமில்லை எப்படி வந்ததோ எனக்குத் தெரியாது.

இன்னொரு விரிப்பு எடுத்தோம். என் பக்கம் நிலத்தில் இழுபட்டது. அதற்கு மேல் முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய் மூலையில், அவளுக்கு முதுகு காட்டி இருந்து, காலுறைகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினேன். காலுறைக்குத் தோள் தேவையில்லை. விரிப்பு முழுவதையும் மெஹ்ருன் தனியே மேசையில் போட்டு மடித்தாள்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். ஊசி போட்டால் ஒரு நாள் இரண்டு நாள் நோகும்தானே. நோகுது என்று சொன்னால் வயது போய்விட்டது, இனி வேலையை விடு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் டெபி நல்ல மனிசி, இந்த நாட்டுக்காரி. என்றாலும் பயம் பயம்தான்.

அடுத்த கிழமை வந்தால் மெஹ்ருனுக்கும் எனக்கும் வேறு வேறு நாட்களில் வேலை போட்டிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. புதிதாக என்னோடு நின்ற பெண் உயரம், அவளே எல்லாவற்றையும் உதறினாள்.

ஒற்றைக் கைக் குட்டு

வீட்டிலும் நான் சொல்லவில்லை. தைலம் பூசினேன். வலது கையால் தலை சீவினேன். மகள் சுதா வேலைக்குப் போய் வருகிறவள், அவளுக்கு ஏன் தலையிடி என்று இருந்துவிட்டேன். அப்படியே இரண்டு மாதம் போனது.

பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோவிலில்தான் பிடிபட்டேன். பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு கையையும் மாற்றிப் பிடித்து நெற்றியில் குட்டிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். என் வலது கை இடது பக்க நெற்றிக்குப் போனது. இடது கை வயிற்றோடு நின்றது. ஒற்றைக் கையால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குட்டினேன்.

சுதா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“என்னம்மா, பிள்ளையாருக்கு டிஸ்கவுண்ட் குடுக்கிறியள்?”

“கை கொஞ்சம் பிடிச்சிருக்கு.”

“தூக்குங்கோ பாப்பம்.”

“கோயிலுக்குள்ள என்ன இது, வாய வைச்சுக்கொண்டு பேசாமக் கும்பிடு.”

“அம்மா, தூக்குங்கோ.”

தூக்கினேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சுதாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிற வழி முழுக்க ஏசிக்கொண்டே கார் ஓட்டினாள். அடுத்த நாளே டொக்டரிடம் கொண்டு போனாள். ஸ்கான் எடுத்தார்கள். தோள்மூட்டில் உராய்வு வராமல் இருக்க ஒரு சின்ன நீர்ப்பை இருக்கிறதாம். ஊசி அளவுக்கு மேல் உயரமான இடத்தில் இறங்கி, மருந்து அதற்குள் போய், அது வீங்கிப்போய் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். மருந்தில் பிழை இல்லை, இறங்கின இடம்தான் பிழை என்றார்.

டெபியிடம் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது. வேலை இடத்தில் காயப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். தோள் சரியாகும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பிறகு இன்சூரன்ஸ் கம்பனியிலிருந்து பதில் வந்தது. வயதானவர்களுக்குத் தோள் இறுகுவது வழமை, ஊசியால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே மறுக்கிறோம் என்று சுதா வாசித்துச் சொன்னாள்.

அந்த மறுப்பு அப்படியே நின்றால் என் லோன்றி வேலை அவ்வளவுதான். காயம் அவர்கள் கணக்கில் வந்தால்தான் வைத்தியமும் நடக்கும், வேலையையும் எனக்காக வைத்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த வயதில் வேறு யார் வேலை தரப்போகிறார்கள். அந்த வேலை போனால் நாள் முழுக்க சுதா வீட்டு சோபாவில் இருந்து, அவள் வரும் வரை மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

வித்யாவின் கேள்விகள்

தொழிற்சங்கம் மூலம் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். பெயர் வித்யா. தமிழ்நாட்டுப் பெண். வேகமாகப் பேசுவார். பேசிக்கொண்டே எனக்குத் தேநீரும் ஊற்றித் தந்தார்.

“அம்மா, முதல்ல ஒண்ணு கேக்கறேன். ஏன் இவ்வளவு தயங்குறீங்க?”

“அந்தப் பெடியன் பாவம். அவருக்கு வேலை போய்விடும். சட்டையை ஒழுங்காக் கழட்டாமல் விட்டது நான்தானே.”

வித்யா பேனையைக் கீழே வைத்தார்.

“அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த இழப்பீட்டுல யாரோட தப்புன்னு கேக்கவே மாட்டாங்க. வேலை இடத்துல, வேலை நேரத்துல, அவங்க ஏற்பாடு பண்ணின ஊசி. அதனால காயம் ஆச்சா? அவ்வளவுதான் கேள்வி. நீங்க வெக்கப்பட்டீங்களா, சட்டை டைட்டா, அதெல்லாம் யாருக்கும் வேணாம்.”

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. இறங்கின பாதியை அவரே திரும்பவும் ஏற்றினார்.

“ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஊசியால வர்ற தோள் காயம்னா ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள வலி ஆரம்பிச்சிருக்கணும். நீங்க ரெண்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல. அடுத்த நாளே வலிச்சதுன்னு வேற யாருக்காவது தெரியுமா?”

யோசித்தேன். “ஒருதருக்கும் தெரியாது. நான் காட்டிக்கொள்ளேல்லை.”

“ரொம்ப நல்லா மறைச்சிருக்கீங்க” என்றார் வித்யா. அவர் சொன்னது பாராட்டு இல்லை.

இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி இணக்கத்துக்குக் கொண்டுவருகிற சமரசக் கூட்டம் ஒன்று வைப்பார்கள் என்றார். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டி வரலாம். சுதாவுக்கு அன்று வேலை. யாரைக் கேட்பது என்று இருந்தபோது மெஹ்ருன் வீட்டுக்கு வந்தாள். லோன்றியில் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறாள். கையில் வட்டிலப்பம், அவர்கள் ஆட்கள் செய்கிற இனிப்பு.

“நோவெண்டு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அக்கா? நான் என்னென்னமோ நெனச்சிட்டன்.”

“என்ன நினைச்சனி?”

“அத விடுங்க” என்றாள். அவள் ஒரு விஷயத்தை விடுங்க என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. “கூட்டத்துக்கு நான் வாறன்” என்றும் சொன்னாள்.

சமரசக் கூட்டம்

நகரத்துக்குள்ளே உயரக் கட்டடம். நீள மேசை. நடத்தியவர் நரைத்த தலை ஐயா ஒருவர். இன்சூரன்ஸ் பக்கம் கோட் போட்ட ஒரு தம்பி. இல்லத்தின் பக்கம் டெபி வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தார். அளவாகப் பேசும்படி அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மொழிபெயர்க்கும் அம்மா தொலைபேசியில் இருந்தார். மேசை நடுவில் அந்த ஃபோன் இருந்தது. நான் அதைப் பார்த்தே பேசினேன். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட அது சுகமாக இருந்தது.

வித்யா ஸ்கானைப் பற்றிச் சொன்னார். டொக்டர் எழுதியதைச் சொன்னார். இன்சூரன்ஸ் தம்பி மரியாதையாகத்தான் மறுத்தார்.

“ஸ்கானில் வீக்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அது எப்போது வந்தது? அடுத்த நாளே தொடங்கியது என்று அவர் மட்டும்தான் சொல்கிறார். இரண்டு மாதமாக வேலைக்கு வந்திருக்கிறார். யாரும் எதையும் கவனிக்கவில்லை.”

ஃபோனில் அந்த அம்மா இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் மெஹ்ருன் என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

“அக்கா, நான் ஒண்டு சொல்லணும். கோவிக்கக் கூடாது.”

“இப்பவோ?”

“இப்பதான் சொல்லணும்.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினாள். ஐயா தலையாட்டினார்.

“நான் கவனிச்சன்” என்றாள். “அடுத்த நாள் காலையில இவங்க விரிப்ப என்ட மூஞ்சில எறிஞ்சாங்க. பொறகு எனக்கு முதுகக் காட்டிட்டுப் போய் சொக்ஸ் மடிச்சாங்க. ஒரு வார்த்த பேசல்ல. மொத நாள் நான் கலியாணப் பொண்ணு எண்டு பகிடி பண்ணின இல்லையா, அந்தக் கோவம் எண்டு நெனச்சன். எனக்கும் கோவம் வந்திச்சி. டெபிக்கிட்டப் போய் இவங்களப் பத்திக் குத்தம் சொன்னன்.”

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாட்கள் ஏன் மாறின என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்சூரன்ஸ் தம்பி விடவில்லை. “அது அடுத்த நாள்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு மாதம் கழித்தும் நடந்திருக்கலாமே.”

மெஹ்ருன் விரல்விட்டு நாட்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். வித்யா பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். என் வேலை அந்த மேசையில் கிடக்கிறது, எடுத்துத் தர ஆளில்லை என்று எனக்குத் தோன்றியது.

டெபி தொண்டையைச் செருமினார். அவர் பேசியது இங்கிலீசில். எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

“அது அடுத்த நாள்தான். எனக்கு நல்லாத் தெரியும். ஊசி நாளில் மிஞ்சின ஜெலி இனிப்புக் கிண்ணம் என் மேசையில் இருந்தது. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் குசினிப் பெடியள் அதை முடிச்சிட்டார்கள். மெஹ்ருன் காலையில் வந்து முறையிட்டபோது கிண்ணம் நிறைய இருந்தது. ஆறட்டும் என்று அவளுக்கு நீட்டினேன். கையால் தள்ளிவிட்டாள். ஒரு இனிப்புக் கூட வேண்டாம் என்கிற அளவுக்குக் கோபம் என்றால் இது பெரிய சண்டை என்று பயந்துதான் இரண்டு பேருடைய நாளையும் மாற்றினேன்.”

“அது கோவத்தில இல்ல டெபி” என்றாள் மெஹ்ருன். “அதில ஜெலட்டின் இரிக்கி. என்ன மிருகத்திட எலும்பு எண்டு தெரியாது. நாங்க சாப்பிடுறல்ல.”

டெபி அவளையே பார்த்தார். “அப்படியென்றால் வருசா வருசம் நான் உனக்குத் தந்ததெல்லாம்?”

“பரா அக்காட பொக்கற்றுக்குள்ள போடுவன்.”

ஒவ்வொரு வருடமும் என் பொக்கற்றில் இரண்டு இனிப்பு இருந்த காரணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஃபோனுக்குள் மொழிபெயர்க்கிற அம்மா முதலில் சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு மொழிபெயர்த்தார். நரைத்த தலை ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்சூரன்ஸ் தம்பியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதையோ குறித்தார்.

டெபி இல்லத்தின் பக்கமாக வந்தவர். பேசாமல் இருந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நான் மறக்கவில்லை.

இன்சூரன்ஸ் தம்பி வெளியே போய்த் தொலைபேசியில் யாருடனோ கதைத்தார். நாங்கள் காத்திருந்தோம். மெஹ்ருன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவமா அக்கா?”

“என்னைப் பற்றி என்ன சொன்னனி டெபிக்கு?”

“வயசு போகப் போக மனிசிக்கு ராங்கி கூடிட்டு எண்டு சொன்னன்.”

“அதையும் இஞ்ச சொல்லியிருக்கலாம்.”

“அது தேவப்படல்ல” என்றாள்.

அந்தத் தம்பி திரும்பி வந்தார். காயத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்றார். வைத்தியச் செலவு, வேலைக்கு வராமல் இருந்த காலத்துச் சம்பளம், மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்புகிற ஏற்பாடு எல்லாம் பேசி முடித்தார்கள். வித்யா என் முதுகில் தட்டினார். அவசரத்தில் இடது பக்கம் தட்டிவிட்டார். நான் “ஆ” என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

மறுமுனை பிடிப்பவர்

தோளுக்கு நீண்ட காலம் பயிற்சி செய்தேன். சுவரில் விரலால் எறும்பு போல ஏறச் சொல்வார்கள். எறும்பு மெல்ல மெல்லக் கதவு நிலைக்கு மேலே போனது. முதலில் காலுறைக்கும் துவாய்க்கும் மட்டும் வேலைக்குப் போனேன். பிறகு தலையணை உறை. கடைசியாக விரிப்பு. டெபி எங்கள் இருவரையும் திரும்ப ஒரே நாளில் போட்டார்.

ஊசியை நான் விடவில்லை. அடுத்த வருடமும் போட்டேன், அதற்கடுத்த வருடமும் போட்டேன். மெஹ்ருனோடு உள் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, கையை முழுவதும் வெளியே எடுத்து, ஊசி மேலே போகாமல் இருக்க நேர்ஸ் பிள்ளையையும் கதிரையில் இருந்தபடி போடச் சொன்னேன். கேட்டேன், தந்தார்கள். அவர்களுக்கு அது கரைச்சலே இல்லை.

போன குளிர்காலத்தோடு வேலையை விட்டுவிட்டேன். இதை இப்போது வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வேலை இடத்தில் காயம் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். மனேஜருக்குச் சொல்லத்தான் வேண்டும், அது சட்டம். ஆனால் அதற்கும் முதல், உங்களோடு விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நிற்கிற ஆளுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த ஆள் தானாக ஒன்றை நினைக்கும். எங்கள் ஆட்கள் நினைப்பது அநேகமாகக் கோபம் என்றுதான். என் கதையில் அந்தக் கோபம் கூட உதவிக்கு வந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

மெஹ்ருன் இந்தப் பாடத்தை என்னை விட நன்றாகப் படித்துவிட்டாள். நான் வேலையை விடும் வரைக்கும் காலையில் வந்ததும் முழங்கால், இடுப்பு, குதிக்கால் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் முதல் மெஷின் துணி காய்ந்து, ஆறி, மடிப்பதற்குத் தயாராக இருக்கும்.